ஹாலண்டா, ஐஸ்லியா?

சோல் என்கிற அமெரிக்கக் கறுப்பினத்தவர் இசையில் பாட்டு எழுதிய அண்ணன் தம்பிகள் என்றால் எனக்கு இரண்டு வீடுகள்தான் போட்டி: டெட்ராய்டின் எடி, பிரையன் ஹாலண்ட் ஒரு பக்கம், சின்சினாட்டியிலிருந்து வந்த ஐஸ்லி சகோதரர்கள் இன்னொரு பக்கம். பாட்டு எழுதும் கைக்கு என் ஓட்டு ஹாலண்டுக்கு. எழுதிய பாட்டைக் கைவிட்டுப் போகாமல் காப்பாற்றிக்கொண்டதற்கு ஐஸ்லிக்கு.

ஹாலண்ட் வீட்டில் வேலைப் பிரிவினை சுத்தம். டெட்ராய்டின் மோடவுன் இசைத்தட்டுக் கம்பெனியில் தம்பி பிரையனும் நண்பர் லமாண்ட் டோஸியரும் மெட்டையும் ஒலிப்பதிவையும் பார்த்துக்கொள்ள, அண்ணன் எடி வரிகளை எழுதிப் பாடுகிறவர்களுக்கும் சொல்லிக்கொடுப்பார். எடியே பாடகர்தான், 1962-இல் 'ஜேமி' என்று ஒரு ஹிட் கொடுத்தவர், மேடை பயத்தில் விலகிவிட்டார் (அந்தப் பயத்துக்கு நாம் நன்றி சொல்லவேண்டும்). மோடவுனின் பெண்கள் பாட்டுக்குழுவான சுப்ரீம்ஸின் 12 நம்பர் ஒன் பாடல்களில் 10 இந்த மூவருடையது. முதலாவது, 1964-இன் 'வேர் டிட் அவர் லவ் கோ'. என்னை விட்டுப் போகாதே என்று கெஞ்சுகிற பெண்ணுக்குப் பின்னால் பலகையில் ஓங்கி மிதிக்கிற காலடிச் சத்தம்: வரி அழும், தாளம் ஆடும், அதுதான் அவர்கள் வித்தை.

ஐஸ்லிகள் இப்படி உட்கார்ந்து எழுதி வந்தவர்கள் இல்லை. 1959-இன் 'ஷவுட்' மேடையிலேயே பிறந்தது, ஜாக்கி வில்சனின் 'லோன்லி டியர்டிராப்ஸ்' பாட்டைப் பாடும்போது முடிக்க மனசில்லாமல் இழுத்து இழுத்து. அந்த மூலப்பாட்டை எழுதியவர்களிலும் ஓர் அக்காவும் தம்பியும் உண்டு: க்வென் கோர்டியும், பின்னாளில் மோடவுனை நிறுவிய பெர்ரி கோர்டியும்.

1966-இல் இரண்டு வீடும் ஒரே பாட்டில் சந்தித்தன. 'திஸ் ஓல்டு ஹார்ட் ஆஃப் மைன்', ஹாலண்ட் கூட்டணியும் சில்வியா மோயும் எழுதி ஐஸ்லிகள் பாடியது. அருமையான பாட்டு, ஆனால் மோடவுனின் இன்னொரு குழுவான ஃபோர் டாப்ஸ் பாடியிருந்தாலும் அப்படியே பொருந்தியிருக்கும். யாருக்கும் பொருந்துவது எழுதியவர்களின் பலம், பாடியவர்களுக்கோ அதுவே சிறை. ஐஸ்லிகள் மோடவுனிலிருந்து வெளியேறி, குடியிருந்த டீநெக் ஊரின் பெயரில் நடத்திய டி-நெக் கம்பெனியை மறுபடி தூசு தட்டி, 1969-இல் 'இட்ஸ் யுவர் திங்' வெளியிட்டார்கள். அதில் பாஸ் கிட்டார் வாசித்த தம்பி எர்னிக்கு வயது 16. கிராமி விருதும் வந்தது.

ஹாலண்டுகளும் பணத் தகராறில் மோடவுனை விட்டு வெளியேறினார்கள், ஆனால் 1968-இல் மோடவுனோடு வழக்கு வந்து, தங்கள் பெயரைக்கூடப் போட முடியவில்லை. 1970-இன் 'பேண்ட் ஆஃப் கோல்டு' ஹிட்டில் எடித் வெய்ன் என்ற புனைபெயர்தான் இருக்கிறது, கொடுமை.

ஐஸ்லி வீட்டில் நேர் எதிர். 1973-க்குப் பிறகு மூன்று அண்ணன்கள், இரண்டு தம்பிகள், மச்சான் கிறிஸ் ஜாஸ்பர் என்று பல பாடல்களில் ஆறு பெயரும் வரிசையாக நிற்கும், யார் எதை எழுதினார் என்று கண்டுபிடிக்க முடியாது. எனக்கு இது எரிச்சல். சண்டை அங்கும் தப்பவில்லை, 2023-இல் குழுவின் பெயருக்காக ருடால்ஃப், தம்பி ரொனால்ட் மீது வழக்குப் போட்டார்.

சரி, ஒரே ஒரு பாட்டுத்தான் என்றால் நான் இரண்டு வீட்டையும் தாண்டிப் போய்விடுவேன்: சோல் பாடகி அரேதா ஃபிராங்க்ளினுக்குத் தங்கை கரோலின் எழுதிக்கொடுத்து 1968-இல் வந்த 'எய்ன்ட் நோ வே'.