பில்லில் பிரேக் ஆயில் மாற்றம், கேலிப்பரில் நாலு வருடக் கசடு

மதுரையில் ஏபிஎஸ் (சடக்கென்று பிரேக் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் அமைப்பு) உள்ள வண்டி வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அடுத்த சர்வீஸுக்கு விடுங்கள். கடையின் பெயரைப் போடப் போவதில்லை. பிரேக் ஆயிலைப் பில்லில் மட்டும் மாற்றும் இந்த வேலையை ஊரில் ஒரே ஒரு கடைதான் செய்கிறது என்று நான் நம்பவில்லை.

என் வண்டி 160 சிசி பைக். முன்னும் பின்னும் டிஸ்க், இரண்டுக்கும் ஏபிஎஸ். வாங்கி நாலு வருடம், ஓடியது 38,000 கிலோமீட்டர். ஆவணியில் சர்வீஸ் விட்டபோது, பிரேக் ஆயிலை முழுவதும் மாற்றிவிடுங்கள் என்று வாயாலும் சொன்னேன், ஜாப் கார்டிலும் எழுத வைத்தேன். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கிறது. நான் ஏற்கெனவே ஒரு தடவை கோட்டை விட்டிருந்தேன். சாயங்காலம் பில் வந்தது. டாட் 4 பிரேக் ஆயில் 50 மில்லி ஒன்று, மாற்றிய கூலி 350 ரூபாய். ஹேண்டில்பாரில் இருக்கும் ஆயில் டப்பாவின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன், விளக்கெண்ணெய் மாதிரி வெளிர் மஞ்சளாக இருந்தது. சரி, வேலை தெரிந்த பிள்ளைகள் என்று நினைத்துப் பணத்தைக் கட்டிவிட்டு வந்துவிட்டேன்.

அந்த 50 மில்லி அன்றைக்கே உறுத்தியிருக்க வேண்டும்.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சானோடு சிறுமலை போனேன். ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. இறங்கும்போது பின்னால் மச்சான், அவர் மடியில் ஒரு தார் மலைவாழை. மொத்தம் 18 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் முன் பிரேக்கைப் பிடித்துப் பிடித்தே இறக்கினேன். சின்ன கியரில் இஞ்சினை வைத்து வேகத்தைக் கட்டியிருக்க வேண்டும், அது என் தப்பு. பாதி மலையில் ஒரு வளைவுக்கு முன்னால் லிவரைப் பிடித்தால், பஞ்சை அமுக்கின மாதிரி உள்ளே போய்க் கைப்பிடியில் முட்டியது. வண்டி பாட்டுக்குப் போகிறது. பின் பிரேக்கை மிதித்து, கியரை இரண்டு, ஒன்று என்று தட்டி இறக்கி, மலைப்பக்கம் ஒதுங்கி ஒரு வழியாக நிறுத்தினேன். மச்சான் இறங்கித் தாரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: “ஏன் மாப்ள, என் தங்கச்சி தாலி மேல உனக்கு என்ன கோவம்?”

அரை மணி நேரம் உட்கார்ந்தோம். டிஸ்க் ஆறியதும் லிவர் தானாகவே பழையபடி விறைத்துக்கொண்டது. யாரும் ஒரு ஸ்குரூவைக்கூடத் தொடவில்லை.

இதற்குக் காரணம் உண்டு. பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது அளவு. அதிலேயே 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த அளவு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. மலை இறக்கத்தில் கேலிப்பர், அதாவது பேட் என்கிற கட்டைகளால் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம், சூடேறி உள்ளே ஆயில் கொதித்தால் குமிழி வரும். ஆயிலை அமுக்கினால் அது பேடைத் தள்ளும். குமிழியை அமுக்கினால் அது சுருங்கும், அவ்வளவுதான். ஆறினால் குமிழி மறைந்து பிரேக் திரும்ப வந்துவிடும். ஆனால் இதெல்லாம் பழைய ஆயிலுக்கு நடப்பது. என் வண்டியில் இருப்பது ஒரு மாதப் புது ஆயில் அல்லவா?

திங்கட்கிழமை வெள்ளனே கடைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். ஒருவர் லிவரை நாலு தரம் அமுக்கிப் பார்த்துவிட்டு, “ஏபிஎஸ் மாட்யூல் போயிருச்சு சார். இருபத்திரெண்டாயிரம் ஆகும், கூலி தனி” என்றார். ஸ்கேனர் (வண்டியில் பதிவான கோளாறைப் படித்துக் காட்டும் கருவி) மாட்டிப் பார்த்தீர்களா என்று கேட்டேன். “அனுபவத்துல சொல்றோம் சார்” என்றார். சாவி போட்டதும் எரியும் ஏபிஎஸ் விளக்கு, வண்டி நகர்ந்து கொஞ்ச தூரம் போனதும் ஒழுங்காக அணைந்துகொண்டுதான் இருந்தது. கோளாறு இருந்தால் அது பெரும்பாலும் அணையாமல் நின்று காட்டிக்கொடுக்கும். விளக்கு அணைந்தாலே எல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு ஒயரைக்கூடச் சொருகிப் பார்க்காமல் இருபத்திரெண்டாயிரம் சொல்வதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு, செல்லூரில் முன்பு பட்டறை வைத்திருந்த பாய் வீட்டுக்குப் போனேன். அவர் கேட்டது ஒரே கேள்விதான். “மாட்யூல் போயிருந்தா ஆறுன பெறகு எப்படித் தம்பி புடிக்கும்? கேலிப்பர்ல நிப்பிள் ரப்பரக் கழட்டிப் பாத்தீகளா?”

அங்கேயே குனிந்து பார்த்தோம். கேலிப்பரில் ஆயிலை வெளியே விடும் திருகான ப்ளீடர் நிப்பிளின் ரப்பர் மூடி மேல் செம்மண் அப்பி, காய்ந்து, கட்டியாகிக் கிடந்தது. மூடியைப் பிடுங்கினால் உள்ளே நிப்பிளின் ஆறு பட்டையும் கம்பெனியில் வந்த மெருகோடு இருக்கிறது. ஸ்பேனர் பட்ட ஒரு கீறல் இல்லை. பின் கேலிப்பரிலும் அதே கதை. இந்த நிப்பிளைத் திறக்காமல் பழைய ஆயிலை வெளியேற்ற சாதாரணமாக வேறு வழி கிடையாது. அதாவது, மேலே டப்பாவில் இருந்ததை மட்டும் சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட்டு, அந்த 50 மில்லியை முன்னும் பின்னும் ஊற்றி மூடியிருக்கிறார்கள். ஐந்து நிமிட வேலை. கண்ணாடியில் பார்த்தால் பளபளவென்று இருக்கும். குழாயிலும் கேலிப்பரிலும் நாலு வருட ஆயில் அப்படியே.

வண்டியைத் திறப்பதற்கு முன்பே ரப்பர் மூடியையும் நிப்பிளையும் போட்டோ எடுத்துக்கொண்டேன். நான் செய்ததில் உருப்படியானது அது ஒன்றுதான் என்று பின்னால் தோன்றியது.

வீட்டிலேயே மாற்றிவிடலாம் என்று எட்டாம் நம்பர் ரிங் ஸ்பேனர், மீன் தொட்டிக் கடையில் ஒரு மீட்டர் ட்யூப், காலி ஜாம் பாட்டில், டாட் 4 ஆயில் 250 மில்லி என்று சேர்த்தேன். ஆயில் வாங்கின கடையில், ஏற்கெனவே திறந்த பாட்டிலில் இருந்து கொஞ்சம் ஊற்றித் தரட்டுமா, விலை குறையும் என்றார்கள். திறந்து வைத்த பாட்டில் எத்தனை நாளாக ஈரம் குடித்ததோ. வேண்டாம் என்று சீல் உடையாததை வாங்கினேன். பாய் சொல்லி அனுப்பியது: “சூதானமா செய்ங்க. என்ன ஆனாலும் மேல டப்பாவக் காய விட்றாதீக.”

பையன் லிவரை அமுக்கிப் பிடிக்க, நான் நிப்பிளைக் கால் திருகு திறந்து மூட, மூடின பிறகுதான் அவன் கையை எடுக்க வேண்டும். முந்தி எடுத்தால் காற்று உள்ளே ஏறும். முதலில் பின் பிரேக். ட்யூபில் வந்தது கருப்பட்டிக் காப்பி நிறம், அடியில் கசடு. அதை ஜாம் பாட்டிலோடு மூடி எடுத்து வைத்தேன். பின் பிரேக் நன்றாக முடிந்தது. முன் பிரேக்கில் பாதியில் கேஸ்காரர் மணியடித்தார். சிலிண்டரை உள்ளே உருட்டிவிட்டு வந்து, டப்பாவைப் பார்க்காமலே விட்ட இடத்தில் தொடர்ந்தோம். “அப்பா, முட்டை முட்டையா வருது” என்றான் பையன். டப்பா காய்ந்திருந்தது.

அப்புறம் இரண்டு மணி நேரம், இன்னொரு பாட்டில் ஆயில். லிவர் முக்கால்வாசிதான் விறைத்தது. சாதாரண வண்டியில் விடாமல் காற்று எடுத்தால் வந்துவிடும். ஏபிஎஸ் வண்டியில் லிவருக்கும் கேலிப்பருக்கும் நடுவில் அந்த மாட்யூல் உட்கார்ந்திருக்கிறது. ஏபிஎஸ் வேலை செய்யும்போது மட்டும் திறக்கும் வால்வுகளும், சின்னதாக ஒரு பம்பும் அதற்குள் உண்டு. அந்தச் சந்தில் காற்று போய் ஒளிந்துகொண்டால், வெளியில் இருந்து எத்தனை தரம் அமுக்கினாலும் வராது. ஸ்கேனரை மாட்டி, பம்பை ஓட விட்டு, வால்வைத் திறந்து மூட வைத்துத்தான் எடுக்க வேண்டும். மண் தரையில் ஓட்டிச் சடக்கென்று பிரேக் பிடித்து ஏபிஎஸ்ஸை உதற விட்டால் வந்துவிடும் என்பார்கள். பாதி பிரேக்கோடு அந்தச் சோதனைக்கு நான் தயாராக இல்லை.

குட்டியானையில் ஏற்றி ஒத்தக்கடைப் பக்கம் ஸ்கேனர் வைத்திருக்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். ஏற்றுகூலி 700, அவர் வாங்கியது 600. லேப்டாப்பை மாட்டி ஏதோ தட்டினார், மாட்யூல் டர்ர்ரென்று சத்தம் போட்டது, லிவர் கையை உதைத்தது. நாலு தடவை அப்படி, நடுநடுவே நிப்பிளைத் திறந்து காற்றை எடுத்தார். லிவர் கல் மாதிரி நின்றது. மாட்யூலில் ஒரு பிழைக் குறியீடுகூடப் பதிவாகவில்லை என்று திரையைக் காட்டினார். இருபத்திரெண்டாயிரம் என்று சொன்ன அதே மாட்யூல்தான்.

2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேல் விற்கும் புது வண்டிகளுக்கெல்லாம் ஏபிஎஸ் கட்டாயம். ஸ்கேனர் இல்லாமல் ஏபிஎஸ் வண்டிக்குப் பிரேக் வேலை எடுக்கிற கடைகளை இன்னும் பார்க்கிறேன். முறையாக, டப்பா காயாமல் ஆயில் மாற்ற ஸ்கேனர் தேவையில்லை என்பதும் உண்மை. காற்று ஏறிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ‘அமுக்கி அமுக்கி எடுத்துரலாம்’ என்றால் வண்டியைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

ஜாம் பாட்டில், போட்டோ, பில் மூன்றையும் எடுத்துக்கொண்டு பழைய கடைக்குப் போனேன். “பையன் புதுசு சார், தெரியாம விட்டுட்டான்” என்றார் மேனேஜர். இரண்டு டப்பாவுக்கும் சேர்த்து 50 மில்லி என்று பில் போட்டதும் அந்தப் பையன்தானா என்றேன். வீட்டில் இரண்டு குழாயும் சுத்தமாக வர எனக்கே 200 மில்லி பக்கம் செலவானது, காற்று ஏறின கூத்து தனிக் கணக்கு. பதில் இல்லை. கூலியையும் ஆயில் காசையும் திருப்பிக் கொடுத்தார். அடுத்த சர்வீஸ் இலவசம் என்றார், வேண்டாம் என்றேன். குட்டியானைக் காசைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை, டப்பாவைக் காய விட்டது நான்தானே.

இப்போது வண்டியை எங்கே விட்டாலும் அதற்கு முன்னால் நிப்பிளையும் கேலிப்பரையும் சேர்த்து நெயில் பாலிஷில் ஒரு கோடு இழுத்து விடுகிறேன். நிப்பிளைத் திருகினால் கோடு உடைந்துதான் ஆக வேண்டும். மச்சானுக்கும் சொன்னேன். கார்த்திகையில் அவர் அனுப்பானடிப் பக்கம் வேறொரு கடையில் பிரேக் ஆயில் மாற்ற விட்டிருந்தார். எடுக்கப் போனபோது டப்பா பளபளவென்று இருந்ததாம், கீழே குனிந்து பார்த்தால் சிவப்புக் கோடு முழுசாக இருந்ததாம். அங்கேயே உட்கார்ந்து, நிப்பிளைத் திறக்க வைத்து, ட்யூபில் வெளிர் மஞ்சள் வருகிற வரைக்கும் அவர் எழுந்திருக்கவில்லை.