முன்பக்கச் சத்தம்: லிங்க் ராடா, பால் ஜாயின்ட்டா?

மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக அமைந்த சஸ்பென்ஷன்) அமைப்புள்ள கார்களில், முன்சக்கரப் பகுதியில் எழும் தட்டும் சத்தத்திற்கு ஸ்டெபிலைசர் லிங்க் ராடும் (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரை சஸ்பென்ஷனோடு இணைக்கும் சிறு கம்பி) லோயர் ஆர்ம் பால் ஜாயின்ட்டும் (சக்கரப் பகுதியைக் கீழ்க்கை எனும் லோயர் ஆர்மோடு இணைக்கும் உருண்டை மூட்டு) அடிக்கடி காரணமாகின்றன.

லிங்க் ராடு தேய்ந்திருந்தால், கரடுமுரடான சாலையில் மெதுவாகச் செல்லும்போது 'கடகட'வென்று கேட்கும். இரு சக்கரங்களும் ஒருசேர ஏறும் வேகத்தடையிலோ, ஸ்டெபிலைசர் பார் முறுக்கப்படாததால், அச்சத்தம் பெரும்பாலும் குறைந்துவிடும். ஒரு பக்கத்தை மட்டும் ஜாக்கியால் தூக்கிச் சோதித்தால், முறுக்கப்பட்ட பார் லிங்க்கை இறுக்கிப் பிடித்துப் பிளேயை (தேய்மானத்தால் வரும் தளர்வை) மறைத்துவிடும் என்பதால், இரு சக்கரங்களும் தரையில் இருக்கும்போதே அதை அசைத்துப் பார்க்க வேண்டும்.

பால் ஜாயின்ட்டின் சத்தம் கனமான 'டொக்'. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதும் அது கேட்கலாம். காரை ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைத் தொங்கவிட்டு, லோயர் ஆர்மை லீவரால் நெம்பினால் பிளே தெரியும்.

லிங்க் உடைந்தால் வளைவுகளில் கார் கூடுதலாகச் சாயும்; பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரமே மடங்கி, காரைக் கட்டுப்படுத்த முடியாமல் போகும். ஆகவே பால் ஜாயின்ட்டையே முதலில் சோதிக்க வேண்டும். அது சரியாக இருந்தால், இரு லிங்க்குகளையும் கழற்றிவிட்டுக் குறைந்த வேகத்தில் ஓட்டும்போது சத்தம் நின்றுவிடுகிறதா என்று பார்க்கலாம்.