ஒன்பது முகூர்த்தம் வரைக்கும் நல்ல சர்வர்

செங்கோட்டையிலிருந்து கல்யாண நேரலை செய்கிற எங்களுக்குச் சில வருடமாக, ஒரு நிறுவனத்திடம் மாத வாடகைக்கு எடுத்த சர்வர்தான் (பார்ப்பவர்களுக்கு வீடியோவை அனுப்புகிற கணினி) சோறு போடுகிறது. இப்போது அந்த நிறுவனத்தார் மாத வாடகையைக் குறைத்திருக்கிறார்கள், அதைப் பார்த்துவிட்டு புனலூரில் ஸ்டூடியோ வைத்திருக்கிற தம்பி ஒருவர் "அண்ணே, எடுத்துரலாமா?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

யூடியூபில் போடாமல் தனி சர்வர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: மண்டபத்தில் ஒரு சினிமாப் பாட்டு ஓடினால் போதும், காப்புரிமை என்று நேரலையை நிறுத்திவிட வாய்ப்பிருக்கிறது. பாஸ்வேர்டு போட்டு எங்கள் ஆட்களுக்கு மட்டும் காட்டுங்கள் என்கிற குடும்பங்களும் உண்டு. தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் நடுவே இருக்கும் ஆரியங்காவு கணவாய்க்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, எந்தக் கல்யாணம் என்றாலும் பாதி சொந்தம் வளைகுடாவில் உட்கார்ந்து பார்க்கிறது.

சர்வரைக் குறை சொல்ல மாட்டேன். தாலி கட்டுகிற நேரத்தில் ஒரு தடவைகூடப் படம் நின்றதில்லை. ராத்திரி மெயில் போட்டாலும் ஒரு மனுஷன் பதில் எழுதுகிறார்.

பிரச்சினை பேண்ட்விட்த் பில், அதாவது இணைய இணைப்பைப் பயன்படுத்தியதற்கான பில். மொத்தம் எத்தனை டிபி (டெராபைட்) டேட்டா போனது என்று இவர்கள் பார்ப்பதில்லை, எந்த வேகத்தில் போனது என்று பார்க்கிற 95-வது பெர்சன்டைல் கணக்குதான். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை சுவிட்ச் போர்ட்டில், அதாவது நம் சர்வரின் கேபிள் செருகியிருக்கும் இடத்தில், எவ்வளவு வேகத்தில் போகிறது, வருகிறது என்று குறித்துக்கொள்வார்கள். 30 நாள் மாதத்துக்கு 8,640 குறிப்புகள். பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி, மேலே இருக்கும் 5 சதவீதத்தை, அதாவது 432 குறிப்புகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, அடுத்து நிற்கும் எண்ணுக்கு மாதம் முழுவதற்கும் காசு. 432 குறிப்பு என்றால் 36 மணி நேரம். அந்த 36 மணி நேரம் நீங்கள் எவ்வளவு ஏற்றினாலும் பில்லில் வராது.

நல்ல விஷயம்தானே என்று தோன்றும். ஒரு கல்யாண நேரலை நான்கு மணி நேரம், 150 பேர் ஆளுக்கு 2 எம்பிபிஎஸ் (நொடிக்கு இத்தனை மெகாபிட் என்கிற வேகம்) வீதம் பார்த்தால் 300 எம்பிபிஎஸ். மாதத்தில் ஒன்பது முகூர்த்தம் என்றால் சரியாக 36 மணி நேரம், எல்லாம் அந்தத் தூக்கிப் போடுகிற 5 சதவீதத்துக்குள் போய்விடும். பத்தாவது கல்யாணத்தை ஒப்புக்கொண்ட மாதம் 40 மணி நேரம் ஆகி 36-ஐத் தாண்டிவிடுகிறது, மாதம் முழுக்க 300 எம்பிபிஎஸ் ஓட்டியதாக பில் வருகிறது. பத்துக் கல்யாணத்துக்கும் சேர்த்து உண்மையில் போனது 5.4 டிபி. 300 எம்பிபிஎஸ் மாதம் முழுக்க ஓடினால் 97 டிபி போயிருக்கும். ஆடியில், அந்தப் பக்கம் கர்க்கடகத்தில், பில் ஒன்றுமே இல்லாத மாதிரி வரும், ஆவணி பிறந்ததும் வயிற்றில் புளியைக் கரைக்கும்.

அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, அதை மறைக்க முடியாது. குழாய் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதை உச்ச நேரம்தான் தீர்மானிக்கிறது. ஒரே முகூர்த்தத்தில் எல்லோரும் வந்து நின்றாலும் தாங்குகிற இணைப்பை அவர்கள் வருடம் முழுக்க வைத்திருக்க வேண்டும், அவர்களுக்கு மேலே இருக்கும் நெட்வொர்க் நிறுவனங்களும் பெரும்பாலும் இதே முறையில்தான் வசூலிக்கின்றன. தாலி கட்டும்போது படம் நிற்காததற்குக் காரணமும் அதுதான்.

என்னால் பொறுக்க முடியாதது, நாம் லாகின் செய்து பார்க்கிற அவர்களுடைய பேனலில் காட்டுகிற வரைபடம். இணைப்பில் எவ்வளவு போகிறது என்று காட்ட 1995-லேயே வந்த எம்ஆர்டிஜி என்கிற மென்பொருள் வகை வரைபடம் அது. இன்றைய வரைபடம் ஐந்து நிமிட சராசரி, வார வரைபடம் அரை மணி நேர சராசரி, மாத வரைபடம் இரண்டு மணி நேர சராசரி. காலம் நீளநீள உச்சி தேய்ந்துவிடும். மாதக் கடைசியில் நான் பார்க்கும் மேடு ஒன்று, பில்லில் இருக்கும் எண் வேறொன்று, அதைவிடப் பெரியது. ஐந்து நிமிட மூலக் குறிப்புகளைக் கொடுங்கள் என்று எத்தனையோ தடவை கேட்டாகிவிட்டது. வரைபடத்தைத்தான் திரும்பத் திரும்ப அனுப்புகிறார்கள். கடைக்காரர் எடை போடும்போது தராசை நம் பக்கம் திருப்பிக் காட்டுவதில்லையா, அவ்வளவுதான் கேட்கிறேன். அதைக்கூடச் செய்யாதவர்களிடம் எண் சரியாகவே இருந்தாலும் மனம் ஆறாது.

இப்போது சர்வரில் போகிற வருகிற அளவைப் பதிவு செய்யும் விஎன்ஸ்டாட் என்கிற மென்பொருளைப் போட்டு நானே ஐந்து நிமிடக் கணக்கு வைத்திருக்கிறேன். அதை அப்படியே விட்டால் ஐந்து நிமிடப் பதிவுகள் 48 மணி நேரத்தில் அழிந்துவிடும், அதன் அமைப்புக் கோப்பில் (செட்டிங்ஸ் ஃபைலில்) அந்த நேரத்தைக் கூட்டி வையுங்கள். நேரலை மென்பொருள் காட்டும் அளவை வைத்துச் சண்டைக்குப் போகாதீர்கள், டேட்டாவின் ஒவ்வொரு துண்டோடும் போகிற முகவரி விவரங்களும் (பாக்கெட் தலைப்புகள்), வழியில் தொலைந்து மறுபடி அனுப்பியவையும் அதில் சேராது, போர்ட்டில் சேரும்.

போன டேட்டாவுக்கு ஜிபி கணக்கில் காசு வாங்கும் வேறு நிறுவனங்களிடமும் கவனம் வேண்டும். பல இடங்களில் உள்ளே வருவதற்குக் காசில்லை, வெளியே போவதற்குத்தான். டிபி என்பது 1000 ஜிபியா 1024-ஆ என்பதும் இடத்துக்கு இடம் மாறும். ஆனாலும் 5.4 டிபி போனால் 5.4 டிபிக்குத்தான் பில்.

ஆக, இவ்வளவு நாளில் ஒரு தடவைகூடக் கைவிடாத சர்வர், வாடகையும் குறைந்திருக்கிறது, இருந்தும் தம்பியிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். மாதம் நான்கைந்து கல்யாணத்தோடு நிற்பவருக்கு இதைவிட மலிவு கிடைக்காது என்பது தெரிந்தே சொன்னேன். பிடிவாதமாக எடுப்பவர்கள், ஐந்து நிமிட மூலக் குறிப்பை மாதாமாதம் தருவீர்களா என்று பணம் கட்டும் முன்பே கேட்டு, பதிலை மெயிலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். போனில் சரி சரி என்பார்கள்.