கிட்ஹப்பின் பி.ஆர். பக்கம்: ஒரு சின்ன டீமிலிருந்து ஒரு ரிவ்யூ

கோயம்புத்தூரில் ஒரு சின்ன டீமுக்கு நான் லீட். கடைகளுக்கான பில்லிங் சாஃப்ட்வேர் எழுதுகிறோம். பாதிப் பேர் இங்கே அலுவலகத்தில் இருக்கிறார்கள், மீதிப் பேர் சென்னையிலும் மதுரையிலும் வீட்டிலிருந்து வேலை செய்கிறார்கள். எங்களுக்குள் நடக்கும் பேச்சில் பெரும்பகுதி கிட்ஹப்பின் புல் ரெக்வெஸ்ட் பக்கத்தில்தான் நடக்கிறது. கிட்ஹப் என்பது டீமாகச் சேர்ந்து கோடை (புரோகிராமை) வைத்துக்கொள்ளும் இணையதளம். 'என் மாற்றத்தைப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று அங்கே கேட்பதுதான் புல் ரெக்வெஸ்ட், சுருக்கமாகப் பி.ஆர். "பி.ஆர். போட்டாச்சா?", "என் பி.ஆரைக் கொஞ்சம் பாருங்க அக்கா" என்பதுதான் நாள் முழுக்கக் காதில் விழுவது. ஒருத்தர் யோசித்து எழுதிய கோடில் இன்னொருத்தர் எல்லார் முன்னாலும் குறை சொல்லும் இடம் அது; இப்படிப் பார்த்துச் சொல்வதுதான் கோடு ரிவ்யூ. அந்த இடம் மனுஷர்களை எப்படி நடத்துகிறது என்பதை மட்டும் வைத்து இந்த விமர்சனத்தை எழுதுகிறேன்.

எனக்கு ரொம்பப் பிடித்தது 'ஸ்டார்ட் எ ரிவ்யூ' பட்டன். ஒரு வரியில் கமென்ட் எழுதினால் கீழே இரண்டு வழி வரும். ஒன்று, அந்தக் கமென்டை அப்போதே அனுப்பிவிடும். இன்னொன்றான இந்தப் பட்டன் அனுப்பாமல் சேர்த்து வைத்துக்கொள்ளும். நாம் முடித்துக் கொடுக்கும்வரை கோடு எழுதியவர் கண்ணில் படாது. 2016இல் வந்த வசதி. பத்துக் கமென்ட் பத்து மெயிலாகப் போய் ஒருத்தரின் மதியத்தைக் கெடுப்பது இதனால் நின்றது. அதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. முதல் ஃபைலில் 'இது எதுக்கு?' என்று தோன்றியதற்குப் பதில் பெரும்பாலும் நான்காவது ஃபைலில் இருக்கும். அங்கே போய்ப் படித்ததும் திரும்பி வந்து அந்தக் கேள்வியை அழித்துவிடலாம், யார் மனமும் நோகாது. எங்கள் டீமில் தனிக் கமென்ட் பட்டனைத் தொடக்கூடாது என்றே வைத்திருக்கிறோம்.

அடுத்தது சஜஷன், 2018இல் வந்தது. "இப்படி மாற்றுங்க" என்று நீட்டி முழக்காமல், மாற்ற வேண்டிய வரியை நாமே எழுதிக் காட்டலாம். எழுதியவருக்குப் பிடித்தால் ஒரே கிளிக்கில் ஏற்றுக்கொள்வார். அந்தக் கமிட்டில், அதாவது அந்த மாற்றத்தின் பதிவில், இரண்டு பேர் பெயரும் இருக்கும். இது சின்ன விஷயம் இல்லை. குறை சொன்ன ஆளே அந்த வரிக்குப் பாதிப் பொறுப்பு எடுத்துக்கொள்கிறார்.

திண்டுக்கல்லிலிருந்து முதல் வேலைக்கு வந்த ஒரு பெண் வரிக் கணக்குக்கான கோடு எழுதியிருந்தாள். ரூபாயை ஃப்ளோட்டில், அதாவது பின்னத்தைத் தோராயமாக வைக்கும் எண் வகையில், வைத்திருந்தாள். பைசாவைத் துல்லியமாக வைக்கும் டெசிமலுக்கு மாற்றிய வரியைச் சஜஷனாகப் போட்டு, "பைதானில் 0.1 + 0.2 போட்டுப் பாரும்மா, 0.30000000000000004 வரும். ஆயிரம் பில் சேரும்போது பைசா இடிக்கும்" என்று காரணத்தையும் எழுதினேன். கொஞ்ச நேரத்தில் அங்கேயே பதில் வந்தது: "புரிஞ்சது அக்கா. ஆனா தள்ளுபடி மாட்யூல்லயும் இதே மாதிரிதானே இருக்கு?" போய்ப் பார்த்தால் உண்மைதான். டீமிலேயே சீனியர் ஒருத்தர் எழுதிய பழைய கோடு. அவர் அந்தக் கமென்டுக்குக் கீழேயே வந்து, "நல்லாக் கண்டுபிடிச்சேம்மா, நானே மாத்திடறேன்" என்று எழுதினார். அதற்கப்புறம் அவள் மீட்டிங்கில் பேசத் தயங்கியதே இல்லை. ஒரு கோடு ரிவ்யூவிலிருந்து நான் எதிர்பார்ப்பது இதுதான். இதற்கு இடம் கொடுத்ததற்காகவே இந்தப் பக்கத்தின்மேல் எனக்கு மரியாதை உண்டு.

பிடிக்காததற்கு வருகிறேன். ரிவ்யூவை முடிக்கும்போது மூன்று வழி காட்டுகிறது: வெறும் கமென்ட், அப்ரூவ், 'ரெக்வெஸ்ட் சேஞ்சஸ்'. மூன்றாவதை அழுத்தினால் சிவப்புக் குறி விழும். ரிவ்யூ கட்டாயம் என்று ப்ராஞ்சை (கோடின் முக்கியப் பிரதியை) பூட்டி வைத்திருந்தால், அந்தச் சிவப்பு போட்ட ஆளே வந்து அப்ரூவ் பண்ண வேண்டும். இல்லையென்றால் உரிமை உள்ள ஒருத்தர் காரணம் எழுதி அதைத் தள்ள வேண்டும். அதுவரை மெர்ஜ் ஆகாது, அதாவது அந்தப் பிரதியில் சேராது. சிவப்பு போட்டவர் பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டால் மற்றவரின் வேலை அப்படியே நிற்கும். வேறியபிள் பெயர் பிடிக்கவில்லை என்பதற்கும், வாடிக்கையாளரின் பணம் தப்பாகக் கழிகிறது என்பதற்கும் ஒரே சிவப்பு. முதல் பி.ஆர். போட்ட பிள்ளைக்கு இந்த வித்தியாசம் எப்படித் தெரியும்? ஆகவே பணம், டேட்டா, பாதுகாப்பு, இந்த மூன்றில் ஓட்டை இருந்தால் மட்டுமே எங்களிடம் சிவப்பு. அதற்கும் முன்னால் போனில் கூப்பிட்டுச் சொல்லிவிட வேண்டும். சின்னச் சின்னக் குறையென்றால் கமென்டின் தலையில் 'நிட்' என்று போடுவோம். மாற்றினாலும் சரி, மாற்றாவிட்டாலும் சரி என்று அர்த்தம்.

பி.ஆரின் அளவைப் பற்றியும் இந்தப் பக்கம் வாயே திறப்பதில்லை. எத்தனை வரி கூடியது, எத்தனை வரி குறைந்தது என்று காட்டுவதோடு சரி. நாற்பது ஃபைல் பி.ஆருக்கு "எல்.ஜி.டி.எம்." ('எனக்கு நல்லாத்தான் தெரியுது') என்று ஒற்றை வரி, மூன்று வரி பி.ஆருக்கு மகாபாரதம் என்பது எல்லா டீமிலும் நடப்பதுதான்.

போட்ட பி.ஆரை யாரும் பார்க்காமல் கிடப்பது குறை சொல்வதைவிட மோசம். காத்திருப்பவருக்குத் தன் வேலை யாருக்கும் வேண்டாததாகத் தோன்றும். இதற்கு இரண்டு நல்ல ஏற்பாடு இருக்கிறது. டீமுக்குள் ரிவ்யூவைச் சுழற்சி முறையிலோ சுமை பார்த்தோ தானே பிரித்துக் கொடுக்கும். 'பிஸி' என்று ஸ்டேட்டஸ் வைத்தவரை விட்டுவிடும். குழந்தைக்குக் காய்ச்சல் என்று லீவு போட்டவர் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்று, கண் ரியாக்‌ஷன். "பாத்துக்கிட்டிருக்கேன்" என்று அந்த இரண்டு கண் சொல்லிவிடும்.

எண்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1976இல் ஐ.பி.எம்.மின் மைக்கேல் ஃபேகன், கோடை மேசையைச் சுற்றி உட்கார்ந்து வரிவரியாகச் சோதிக்கும் முறையைப் பற்றிக் கட்டுரை எழுதினார். அதில் கிடைக்கும் பிழைக் கணக்கை எழுதியவரின் மதிப்பீட்டுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அப்போதே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கிட்ஹப்போ ஒவ்வொருவரின் ப்ரொஃபைல் பக்கத்திலும் நாளுக்கு ஒன்றாகப் பச்சைக் கட்டங்களில் உழைப்பைக் காட்டுகிறது. எத்தனை நாள் விடாமல் வேலை செய்தீர்கள் என்ற கணக்கை 2016இல் எடுத்தார்கள், நல்ல முடிவு. கட்டங்கள் இன்னும் இருக்கின்றன. அப்ரைசலில் அதைப் பார்க்கும் மேனேஜரிடம், "மத்தவங்க கோடைப் பார்க்க எத்தனை மணி நேரம் போச்சுன்னு இதில் எங்க சார் தெரியுது?" என்று கேளுங்கள். ஒருத்தருக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தது எந்தக் கட்டத்திலும் வராது.

யார் வாங்கலாம்? வேறு வேறு ஊரிலிருந்து வேலை செய்யும் சின்ன டீமென்றால் தயங்க வேண்டாம். புதிதாகச் சேர்ந்தவர்களை மட்டும் முதல் மாதம் இந்தப் பக்கத்தில் தனியாக விடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்தோ ஸ்கிரீன் ஷேர் போட்டோ கோடைப் பேசி முடித்துவிட்டு, முடிவை மட்டும் கமென்டில் எழுதுங்கள். முகமும் குரலும் பழகிய பிறகு அதே கமென்ட் திட்டாகப் படாது.

டீம் பிளான் ஆளுக்கு மாதம் 4 டாலர்; 2020 ஏப்ரலில் 9 டாலரிலிருந்து குறைத்தார்கள். இலவசத்திலேயே ஓட்டலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று: பிரைவேட் ரெப்போவில் (வெளியார் பார்க்க முடியாத கோடுத் தொகுப்பில்) இன்னொருத்தர் பார்க்காமல் மெர்ஜ் ஆகக்கூடாது என்ற பூட்டு இலவசத்தில் கிடையாது. ரிவ்யூவைத் தானே பிரித்துக் கொடுக்கும் ஏற்பாடும் பிரைவேட் ரெப்போவுக்கு வேண்டுமென்றால் காசு கட்டித்தான் ஆக வேண்டும். நாங்கள் கட்டுகிறோம், இந்த இரண்டுக்காகவே.