கேண்டிடா ஆன்டிபாடி டெஸ்ட்: எங்க அப்பாவுக்கு எடுத்த அனுபவம், 5க்கு 3

அப்பாவுக்கு குடல் ஓட்டை ஆபரேஷன் முடிஞ்சு ஐசியூல 11ஆவது நாள், ஆன்டிபயாடிக் மாத்தி மாத்தி போட்டும் காய்ச்சல் விடல, ரத்தத்துல பூஞ்சை ஏறியிருக்குமோன்னு சந்தேகப்பட்டு வெளி லேப்ல இந்த டெஸ்ட் எடுக்க சொன்னாங்க, கேண்டிடாங்கற பூஞ்சைக்கு எதிரா உடம்பு உண்டாக்கற ஆன்டிபாடி ரத்தத்துல இருக்கான்னு பாக்கறது. மஞ்சள் மூடி டியூப்ல கொஞ்சூண்டு ரத்தம், தம்பிதான் ஐஸ் பேக்கோட பைக்ல கொண்டு போனான். மறுநாள் சாயங்காலமே ரிப்போர்ட் போனுக்கு வந்துடுச்சு, அந்த வேகத்துக்கு குறையே சொல்ல மாட்டேன்.

ஆனா ஐஜிஜி (அந்த ஆன்டிபாடில ஒரு வகை) பாசிட்டிவ்னு தடிச்ச எழுத்துல போட்டவங்க கீழ ஒரு வரி விளக்கம் கூட போடல, அம்மா அதைப் பாத்ததுலருந்து ஒரு வாய் சோறு எடுக்கல. லேபுக்கு போன் போட்டா டாக்டரை கேளுங்கன்னு வச்சிட்டாங்க.

டாக்டர்தான் பொறுமையா சொன்னார். கேண்டிடா நம்ம வாயிலயும் குடல்லயும் எப்பவும் குடியிருக்கற ஈஸ்ட், அதனால நல்லா நடமாடறவங்க ரத்தத்துலயும் இந்த ஆன்டிபாடி இருக்கும். அதே நேரம் கீமோ எடுக்கறவங்களுக்கு எதிர்ப்பு சக்தியே இல்லாம, நிஜமாவே பூஞ்சை இருந்தும் நெகட்டிவ் வரலாம். மன்னான் ஆன்டிஜெனையும் (அந்த ஈஸ்டோட சுவர்லருந்து ரத்தத்துல கலக்கற பொருள்) சேர்த்து பாக்கணுமாம், 2010ல பல ஆய்வுகளை தொகுத்து பாத்ததுல ஆன்டிபாடி மட்டும்னா நோய் இருக்கற 100 பேர்ல 59 பேர்கிட்டதான் சிக்கியிருக்கு, ரெண்டும் சேர்ந்தா 83.

பிளட் கல்ச்சரும் (ரத்தத்தை பாட்டில்ல வச்சு கிருமி வளருதான்னு பாக்கறது) பாதி கேஸைத்தான் பிடிக்கும், ரெண்டு மூணு நாளும் ஆகும், ஆனா எந்த வகை பூஞ்சை, எந்த மருந்து கேக்கும்னு அதுதான் சொல்லும். கையிலருந்து ஒரு செட், கழுத்து ரத்தக்குழாய்ல போட்டிருந்த லைன்லருந்து ஒரு செட்னு பாட்டில்ல எடுத்துட்டு, ரிசல்ட்டுக்கு காத்திருக்காம அன்னிக்கு ராத்திரியே காஸ்போஃபங்கின்ங்கற பூஞ்சை மருந்தை ஏத்திட்டார். மூணாம் நாள் கல்ச்சர்ல ஈஸ்ட் வந்துச்சு, உடனே லைனை எடுத்தாங்க, கண்ணுக்குள்ள பரவியிருக்கான்னும் பாத்தாங்க. கல்ச்சர் சுத்தமா வந்த நாள்லருந்து இன்னும் 14 நாள் மருந்து போச்சு. இப்ப அப்பா வீட்ல, ரசம் சாதம் சாப்பிடறார்.

ஐசியூல ஆள் இருந்து டாக்டர் கேட்டா தாராளமா எடுங்க, மன்னான் ஆன்டிஜென் சேர்த்து பண்ணுவீங்களான்னு லேப்ல முதல்லயே கேட்டுக்கோங்க, கல்ச்சரை மட்டும் விட்றாதீங்க. சும்மா உடம்பு அசதின்னு இதுக்கு காசு கட்டாதீங்க, பாசிட்டிவ் வந்தாலும் ஒண்ணும் தெரியாது. லேப்காரங்க ரிப்போர்ட்டுக்கு கீழ நாலு வரி விளக்கம் போட்டாங்கன்னா நானே இதை 4ஆ மாத்தறேன்.