பில்லில் புது பிரேக் ஷூ, வண்டியில் பழைய பிரேக் ஷூ: சர்வீஸுக்கு வண்டி விடுகிறவர்கள் கவனத்துக்கு

என்னிடம் இருப்பது 2014 மாடல் ஸ்பிளெண்டர் பிளஸ். வேளச்சேரியிலிருந்து கிண்டிக்கு தினமும் அதில்தான் வேலைக்குப் போகிறேன். காலையில் மகளைப் பின்னால் உட்கார வைத்துப் பள்ளியில் இறக்கிவிடுவதும் அதே வண்டியில்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன். பணம் போனது மட்டும் என்றால் விட்டிருப்பேன்.

டிசம்பர் மழையில் தண்ணீர் தேங்கிய தெருக்களில் ஓட்டி ஓட்டி வண்டி கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்தது. வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் கடையை மூடிவிட்டு ஊருக்குப் போய்விட்டார். தெரிந்தவர் ஒருவர் சொன்னதை நம்பி, பக்கத்தில் இருந்த ஒரு தனியார் ஒர்க்‌ஷாப்பில் காலையில் வண்டியை விட்டேன். மாலை ஏழு மணிக்கு எடுத்தேன். நன்றாகக் கழுவி, சீட்டுக்கு பாலிஷ் போட்டு, டயருக்குக் கறுப்பு அடித்து வைத்திருந்தார்கள். பில் என்று ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தார்கள். அதில் கடைப் பெயர் கூட இல்லை. ஜெனரல் சர்வீஸ் 450, ஆயில் 400, ஆயில் ஃபில்டர் 150, ஏர் ஃபில்டர் 220, முன்னும் பின்னும் பிரேக் ஷூ 600, பிளக் 110, எஞ்சின் ஃபிளஷ் 250. மொத்தம் 2,180 ரூபாய். ஜிபேயில் அனுப்பிவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை. திரும்பப் போய்ச் சொன்னேன். கடைப் பையன் பின்பக்கம் நட்டை நாலு சுற்று இறுக்கிவிட்டு, "புது ஷூ சார், செட் ஆக 500 கிலோமீட்டர் ஓடணும்" என்றான். ஷூ என்பது சக்கரத்தின் நடுவில் இருக்கும் டிரம்மை உள்ளிருந்து அழுத்தி வண்டியை நிறுத்துகிற பாகம். புது ஷூ டிரம்மோடு பொருந்திப் பிடிக்கக் கொஞ்ச தூரம் ஓட வேண்டும் என்பது உண்மைதான். அந்த உண்மையை வைத்துத்தான் என்னை ஏமாற்றினார்கள்.

ஜனவரி முதல் வாரம். காலை எட்டு மணிக்கு விஜயநகர் சிக்னல். முன்னால் போன தண்ணீர் லாரி நின்றது. நான் இரண்டு பிரேக்கையும் முழுதாக அழுத்தினேன். வண்டி வேகம் குறைந்ததே தவிர நிற்கவில்லை. கைப்பிடியை இடப்பக்கம் ஒடித்ததில் லாரியின் பின் பம்பர் என் வலது முட்டியை உரசியது. மகள் என் சட்டையைப் பிடித்திருந்த பிடியில் இரண்டு பட்டன் பிய்ந்துபோனது. காயம் எதுவும் இல்லை. ஆனால் அன்று முழுக்க அலுவலகத்தில் என்னால் ஒரு வேலையும் பார்க்க முடியவில்லை.

பொங்கலுக்கு மச்சினன் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தான். ஆறு வருஷம் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவன். துண்டுச் சீட்டை அவனிடம் காட்டினேன். மூன்றாவது வரியிலேயே நிறுத்திவிட்டான். "அத்தான், இந்த வண்டிக்கு ஏது ஆயில் ஃபில்டர்?"

இந்த வண்டியில் கழற்றி மாற்றுகிற ஆயில் ஃபில்டரே கிடையாது. உள்ளே ஒரு கம்பி வலை இருக்கிறது. அது போக, சுழலும்போதே அழுக்கைப் பிரித்து ஓரமாகத் தள்ளுகிற ஒரு ரோட்டர் இருக்கிறது. இரண்டையும் கழுவத்தான் முடியும், புதிதாக வாங்கிப் போடுவதற்கு ஒன்றும் இல்லை. பத்து வருஷத்துக்கும் மேல் அந்த வண்டியை ஓட்டிய எனக்கு இது தெரியாது. தெரியாது என்று தெரிந்துகொண்டுதான் அந்த வரியை எழுதியிருக்கிறார்கள்.

சரி, மற்றதையும் பார்ப்போம் என்று வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டான். படுத்து எஞ்சினுக்கு அடியில் டார்ச் அடித்துக் காட்டினான். ஆயில் வடிக்கிற போல்ட்டின் தலையைச் சுற்றி மழைக்கால மண் காய்ந்து ஓடு மாதிரி ஒட்டியிருந்தது. ஸ்பேனர் ஒரு தடவை பட்டிருந்தாலும் அந்த ஓடு உடைந்திருக்கும். உடையவே இல்லை. 17ஆம் நம்பர் ஸ்பேனரை வைத்து அவன் திருப்பியபோதுதான் பொலபொலவென்று உதிர்ந்தது. வந்த ஆயில் கறுத்துக் குழம்பி இருந்தது, அளவும் குறைவு. ஆயில் கறுப்பாவது ஒன்றும் அதிசயமில்லை, எழுநூறு கிலோமீட்டர் ஓடினாலே நிறம் மாறிவிடும். ஆனால் அந்த மண் பொய் சொல்லாது.

அப்புறம் சக்கரம். பின் சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன் பிரேக் கம்பியின் நுனியைக் காட்டினான். ஷூ புதிதாக இருந்தால் அட்ஜஸ்ட் பண்ணுகிற நட்டு கம்பியின் கடைசியில்தான் இருக்கும். ஷூ தேயத் தேய அதை உள்ளே உள்ளே இறுக்கிக்கொண்டு போவோம். என் வண்டியில் மரை தீரப்போகிற இடத்தில் நின்றது. டிரம்மைத் திறந்தால், உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பழைய ஷூ. மேலே கோடு கோடாகப் புதிது மாதிரித் தெரிகிறது, பக்கவாட்டில் பார்த்தால் ஷூ மேல் ஒட்டியிருக்கும், உரசித் தேய்கிற லைனிங் ஒரு ரூபாய் நாணயத்தின் கனம் கூட இல்லை. முன் சக்கரத்திலும் அதே கதை. இந்த இரண்டையும் நம்பித்தான் பிள்ளையை உட்கார வைத்து ஓட்டியிருக்கிறேன்.

ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறக்கவே வேண்டாம் என்றான், ஸ்குரூவில் துரு அப்படியே இருந்தது. திறந்தோம், பழையதுதான். பிளக் மட்டும் உண்மையிலேயே புதிது.

ஷூக்களை நியூஸ்பேப்பரில் சுற்றிக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன். முதலாளி முதலில் பையன் மேல் பழியைப் போட்டார். பிறகு, வேறு எங்கேயோ மாற்றிக் கொண்டு வந்திருக்கிறேன் என்று என் மேலேயே திருப்பினார். கடைப் பெயர் போட்டு முறையாக பில் கொடுங்கள் என்று கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு சார்?" என்றார். 1915க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுகிறேன் என்று அங்கேயே போனை எடுத்ததும் ஆயிரம் ரூபாய் திருப்பிக் கொடுத்தார். மீதியைத் தரவில்லை. ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, செய்த வேலைக்கு பில் தராமல் இருப்பதே நேர்மையற்ற வணிக முறைதான். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம். துண்டுச் சீட்டு, ஜிபே ரசீது, கழற்றிய பொருளின் போட்டோ எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

எல்லா மெக்கானிக்கும் இப்படி என்று சொல்லவே மாட்டேன். ஊருக்குப் போய்விட்ட எங்கள் பழைய மெக்கானிக், மாற்றிய ஒவ்வொரு பொருளையும் பெட்ரோல் டேங்க் மேல் வரிசையாக வைத்துக் காட்டிவிட்டுத்தான் காசு வாங்குவார். அப்படி ஒருவர் கிடைத்தால் விடாதீர்கள். கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.

இப்போது ஆயில், செயின், பிளக், ஏர் ஃபில்டர், பிரேக் அட்ஜஸ்ட் இவ்வளவையும் நானே செய்கிறேன். மச்சினன் அந்த நாலு நாள் லீவிலேயே கற்றுக்கொடுத்துவிட்டான். ஆயில் மாற்ற அரை மணி நேரம் போதும். வண்டியை ஐந்து நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்கி வடித்தால் சீக்கிரம் இறங்கும். புது ஆயில் வாங்கும்போது டப்பாவில் ஜாசோ எம்ஏ என்ற தரக் குறியீடு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். எம்பி என்று இருந்தால் அது ஸ்கூட்டருக்கானது. கியர் வண்டியில் கிளட்ச் ஆயிலிலேயே ஊறுகிறது, எம்பி ஊற்றினால் வழுக்கும். கிரேடு உங்கள் வண்டி மேனுவலில் இருக்கும், எனக்கு 10டபிள்யூ30. போல்ட்டை முறுக்கும்போது மட்டும் நிதானம் வேண்டும். எஞ்சின் பாகம் அலுமினியம், பலத்தைக் காட்டினால் மரை போய்விடும், அது பெரிய செலவு. வாஷரைப் புதிதாகப் போட்டு, இறுகியதும் நிறுத்திவிடுங்கள். வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். பழைய கேனில் பிடித்து, கழிவு ஆயில் எடுக்கிறவர்களிடம் கொடுங்கள்.

டேப்பட், கிளட்ச் பிளேட், கோன் செட், சக்கர பேரிங் இதையெல்லாம் நான் தொடுவதில்லை. புது புகை விதிகளுக்கு ஏற்ப வந்த பிஎஸ்6 வண்டி வைத்திருப்பவர்கள் இஞ்செக்‌ஷன் பக்கமும் போக வேண்டாம். பிரேக் ஷூ மாற்றுவதும் பழக்கம் இல்லாமல் தனியாகச் செய்யக்கூடிய வேலை இல்லை. பக்கத்தில் தெரிந்தவர் இருக்க வேண்டும். டிரம்மில் இருக்கும் தூசியை ஊதாதீர்கள், பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடையுங்கள்.

ஒர்க்‌ஷாப்பில் விடத்தான் வேண்டும் என்றால், அதற்கு முன் மகளின் நெயில் பாலிஷை எடுத்து ஆயில் போல்ட் தலையிலிருந்து எஞ்சின் வரை சேர்த்து ஒரு கோடு போட்டுவிடுகிறேன். ஏர் ஃபில்டர் ஓரத்தில் ஒரு பொட்டு. போல்ட்டைத் திறந்தால் கோடு உடையும், ஃபில்டரை மாற்றினால் பொட்டு இருக்காது. மாற்றுகிற எல்லாவற்றின் பழைய பாகமும் எனக்கு வேண்டும் என்று வண்டி விடும்போதே சொல்லிவிடுகிறேன். முகம் சுளித்தால் வேறு கடை.

போன மாதமோ அதற்கு முன்னோ பிரேக் ஷூவுக்குக் காசு கொடுத்தவர்கள் இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். டிரம் பிரேக் உள்ள பெரும்பாலான வண்டிகளில், சக்கரத்தின் பக்கத்தில் பிரேக் கம்பியோ கேபிளோ இழுக்கிற சின்னக் கை மாட்டியிருக்கும் இடத்தில் ஒரு சின்ன அம்புக்குறியும், பக்கத்தில் டிரம் மூடியில் ஒரு அடையாளமும் இருக்கும். பிரேக்கை முழுதாக அழுத்திப் பிடித்து, இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அம்பு அந்த அடையாளத்தைத் தொட்டுவிட்டால் ஷூ தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். நாளை காலை பிள்ளையை அந்த வண்டியில் ஏற்றாதீர்கள்.