மெலமினா, யூரியாவா, சிலிக்கா அச்சா? கார்பன் நைட்ரைடு தயாரிக்கும் மூன்று வழிகள்

1834ஆம் ஆண்டில் ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் ‘மெலோன்’ என்று பெயரிட்ட மஞ்சள் நிறப் பொருள், நெடுங்காலம் பயன் அறியப்படாமலே கிடந்தது. கார்பனும் நைட்ரஜனும் இணைந்த அதன் உறவுப் பொருளான கார்பன் நைட்ரைடு, கண்ணுக்குப் புலனாகும் ஒளியில் நீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்கும் என்று 2009இல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழுவினர் காட்டிய பின்னரே, உலோகமில்லா வினையூக்கிகளைத் தேடுவோர் பலர் அதன் பக்கம் திரும்பினர். இதன் ஆற்றல் இடைவெளி (எலக்ட்ரானைக் கிளர்த்தத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல்) ஏறத்தாழ 2.7 எலக்ட்ரான் வோல்ட் ஆதலால், 460 நானோமீட்டர் வரையிலான நீல ஒளியை அது உறிஞ்சுகிறது; வழக்கமான ஒளிவினையூக்கியான டைட்டானியம் டைஆக்சைடு பெரும்பாலும் புற ஊதாக் கதிரையே நம்பியிருக்கிறது.

எளிய வழி, நைட்ரஜன் செறிந்த சேர்மமான மெலமின். அதை மூடியிட்ட மூசையில் (வெப்பம் தாங்கும் கிண்ணத்தில்) வைத்து 550 பாகை செல்சியசில் சில மணி நேரம் சூடாக்கினால் போதும். ஒரு மூலக்கூறு மெலமினிலிருந்து இரண்டு மூலக்கூறு அம்மோனியா வெளியேறுவதாகக் கணக்கிட்டால், 126 கிராமுக்கு 92 கிராம், அதாவது 73 விழுக்காடு கிடைக்க வேண்டும். ஒரு பகுதி பதங்கமாகிப் போவதால், நடைமுறையில் பாதியளவு கிடைத்தாலே நிறைவுதான். ஆனால் கிடைப்பது இறுகிய கட்டி. வினை நடக்கும் இடமான அதன் மேற்பரப்பு கிராமுக்குப் பத்துச் சதுர மீட்டர் அளவில் நின்றுவிடுகிறது.

யூரியாவின் கணக்கு வேறு. ஆறு மூலக்கூறு யூரியா சேர்ந்தே ஒரு மெலமின் உருவாகிறது. எனவே 360 கிராம் யூரியாவிலிருந்து கோட்பாட்டளவில்கூட 92 கிராமுக்கு மேல் கிடைக்காது, உண்மையில் கிடைப்பதோ பெரும்பாலும் சில விழுக்காடுதான். இந்த இழப்பிலேயே அதன் சிறப்பும் அடங்கியிருக்கிறது: வெளியேறும் அம்மோனியாவும் கார்பன் டைஆக்சைடும் பொருளை உள்ளிருந்து ஊதிப் பெருக்குவதால், மெல்லிய தாள் போன்ற அமைப்பும், மெலமின் வழியில் கிடைப்பதைவிடப் பல மடங்கு மேற்பரப்பும் வாய்க்கின்றன. மூசையைப் பாதிக்கு மேல் நிரப்பினால் யூரியா பொங்கி உலைக்குள் வழியும். அம்மோனியா நெடி அறையை நிறைக்காதிருக்க, உலைக்கு மேலே காற்று வெளியேற்றி கட்டாயம் இருக்க வேண்டும். இரு வழிகளிலும் 600 பாகையைத் தாண்டக் கூடாது; அதற்கு மேல் பொருளே சிதையத் தொடங்கும்.

சிலிக்கா அச்சு முறை துளைகளை விரும்பிய அளவில் அமைக்க உதவுகிறது. 12 நானோமீட்டர் சிலிக்கா துகள்களைச் மெலமினைப் போலவே கார்பன் நைட்ரைடு தரும் சயனமைடுடன் கலந்து சூடாக்கி, பிறகு சிலிக்காவை மட்டும் அம்மோனியம் பைஃப்ளூரைடால் கரைத்தெடுப்பார்கள்; அது இருந்த இடங்கள் துளைகளாகும். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற அஜயன் வினு, ஜப்பானில் பணியாற்றியபோது, எத்திலீன்டைஅமினையும் கார்பன் டெட்ராகுளோரைடையும் ஒழுங்கான துளைகள் கொண்ட சிலிக்காவுக்குள் வினைபுரியச் செய்து, கிராமுக்கு 500 சதுர மீட்டர் அளவில் மேற்பரப்புடைய பொருளை 2005இல் அறிவித்தார். அதில் நைட்ரஜன் பங்கு குறைவு. ஒளிவினையைவிடக் கார வினையூக்கத்துக்கே அது பொருந்தும். இம்முறையில் எனக்குள்ள தயக்கம் ஃப்ளூரைடு பற்றியது: உலோகத்தைத் தவிர்ப்பதற்காகத் தோலையும் எலும்பையும் அரிக்கும் சேர்மத்தைக் கையாளுவது, பாதுகாப்பு வசதி குறைந்த ஆய்வகத்துக்கு ஏற்ற பேரமன்று.

ஆகவே ஒளிவினைக்கு யூரியாவையும், கிராம் கணக்கில் பொருள் வேண்டுமெனில் மெலமினையும் தேர்வேன். பெரிய மூலக்கூறுகள் துளைக்குள் நுழைந்தாக வேண்டிய வேளையில் மட்டுமே சிலிக்காவை நாடுவேன்.

‘உலோகமில்லா’ என்ற அடைமொழியையும் சற்று ஐயத்துடனேயே படிக்க வேண்டும். ஹைட்ரஜன் ஆய்வுகளில் பெரும்பாலும் 3 விழுக்காடு பிளாட்டினம் துணைக்குச் சேர்க்கப்படுகிறது. அது இல்லாவிடில் ஹைட்ரஜன் மிகக் குறைவாகவே வரும். ஆல்கஹாலையும் ஆக்சிஜனையும் கொண்டு ஹைட்ரஜன் பெராக்சைடு ஆக்கும் வினையில் அந்தத் துணையே தேவையில்லை. ஆனால் அங்கே மேற்பரப்பை அளவுக்கு மிஞ்சிக் கூட்டினால், விளிம்புகளில் தொங்கும் அமினோ தொகுதிகள் பெருகி, உருவான பெராக்சைடையே சிதைக்கத் தொடங்குகின்றன.